குள்ளர் தொப்பி அணிந்து ஊர்வலம் போனால் ஆட்சி கவிழுமா? அங்கத நிகழ்த்துகலை பற்றி ஒரு விரிவான பதில்

கல்லூரி மாணவரான நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 1980-களில் போலந்து நாட்டு இளைஞர்கள் குள்ளர்களைப் போலத் தொப்பி அணிந்து ஊர்வலம் போனதால் அங்கிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள், அங்கத நிகழ்த்துகலைக்கு உண்மையிலேயே அத்தனை பலம் உண்டா, இல்லை மக்களின் கோபத்தைச் சிரிப்பாக்கி வெளியேற்றும் வடிகால்தானா, நண்பர்களோடு சேர்ந்து நீங்களும் இப்படி ஏதாவது செய்து பார்க்கலாமா? இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, ஒரு கேலிக்கூத்து அதிகாரத்தை எந்த வழியாகத் தொடுகிறது என்பது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே தெளிவாகும். வீதி நாடகத்திலும் அரங்கப் பயிற்சியிலும் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். போலந்து நிகழ்வுகளை நான் நேரில் கண்டவனல்லன். பங்கேற்றவர்களின் நினைவுகள், ஆய்வுகள் வழியாகவே அறிந்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காணொளி சொன்னதை எடுத்துக்கொள்வோம். தொப்பிகளால் ஆட்சி கவிழவில்லை. 1980-இல் தோன்றி இலட்சக்கணக்கான தொழிலாளர்களைத் திரட்டிய சாலிடாரிட்டி தொழிற்சங்கம், கடைகளில் பொருள் கிடைக்காத அளவுக்கு நொடித்துப்போன பொருளாதாரம், மாஸ்கோவில் கோர்பச்சேவ் சோவியத் தலைவராக வந்த பிறகு மாறிய சூழல், 1988-இன் வேலைநிறுத்தங்கள், 1989-இன் வட்டமேசைப் பேச்சுவார்த்தை, அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதித் தேர்தல் ஆகியவையே அந்த மாற்றத்தின் பெரும் காரணங்கள். குள்ளர் ஊர்வலம் நடந்திராவிட்டாலும் 1989 அப்படியே நடந்திருக்குமா என்பதை எந்த ஆய்வாலும் நிறுவவோ மறுக்கவோ இயலாது. ஆனால் அந்த ஊர்வலங்கள் என்ன செய்தன என்பதற்குத் திடமான சான்றுகள் உண்டு, அதுவே நமக்கு வேண்டியது.

மேற்குப் போலந்தில் இருக்கும் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் வரலாறும் கலை வரலாறும் படித்த வால்டெமர் ஃபிட்ரிக் என்பவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியதுதான் ஆரஞ்சு மாற்று இயக்கம். 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது, சாலிடாரிட்டி தடைசெய்யப்பட்டது. இரவில் யாரோ சுவரில் எதிர்ப்பு முழக்கம் எழுதுவார்கள், காலையில் அரசு ஆட்கள் அதன்மீது சுண்ணாம்போ வர்ணமோ பூசி மறைப்பார்கள். நகரமெங்கும் இப்படிப் பூசிய திட்டுகள் பெருகின. எல்லோருக்கும் அந்தத் திட்டின் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். 1982 ஆகஸ்ட் கடைசியில் ஓர் இரவு ஃபிட்ரிக்கும் நண்பரும் அந்தத் திட்டுகளின் மேல் குழந்தைக் கதைகளில் வரும் கூம்புத் தொப்பிக் குள்ளனை வரையத் தொடங்கினார்கள். பின்னர் மற்ற நகரங்களிலும் அதே குள்ளன் முளைத்தான். காவல் நிலையத்தில் விசாரித்தபோது ஃபிட்ரிக் கொடுத்த விளக்கம் புகழ்பெற்றது: எதிர்ப்பு முழக்கம் கருத்து, அதை மறைத்த வர்ணம் எதிர்க்கருத்து, இரண்டும் சேர்ந்து பிறந்த தொகுப்பு இந்தக் குள்ளன் என்றார். ஆட்சியாளர்கள் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கட்டாயமாகப் படிக்கவைத்த இயங்கியலையே, அதாவது கருத்தும் எதிர்க்கருத்தும் மோதிப் புதியது பிறக்கும் என்ற மார்க்சியக் கோட்பாட்டையே, எடுத்து அவர்கள் மேசையில் வைத்தார். முழக்கத்தை அழிப்பது எளிது. குழந்தைக் கதைப் பொம்மையை அழிக்க ஓர் அரசு ஆளனுப்பினால், பார்ப்பவர் கண்ணுக்கு அந்த அரசு எப்படித் தெரியும்?

இவர்களுடைய தெரு நிகழ்வுகள் உச்சத்துக்கு வந்தது 1987, 1988 ஆண்டுகளில்தான். அதற்குச் சற்று முன், 1986 செப்டம்பரில், அரசியல் கைதிகளை அரசு விடுவித்திருந்தது. தலைமறைவு இயக்கம் களைத்திருந்தது. தெருவில் இறங்கினால் தடியடி, எதிரே தலைவர்களின் நீண்ட உரை, இரண்டிலும் சேர மனமில்லாத ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. இவர்கள் அந்தத் தலைமுறைக்கு வேறொரு நுழைவாயிலைத் திறந்தார்கள். 1987 அக்டோபரில் கழிப்பறைத் தாள் கிடைக்காத ஊரில், வழிப்போக்கர்களுக்கு அதைத் தாள் தாளாகக் கிழித்துப் பகிர்ந்தளித்தார்கள். அதே மாதம் காவலர் நாள் வந்தபோது காவலர்களைத் தேடிப்போய்ப் பூக்கொடுத்து நன்றி சொன்னார்கள்.

எல்லாவற்றிலும் நுட்பமானது 1987 நவம்பர் 6 அன்று நடந்தது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மறுநாள் உருசியப் புரட்சியின் எழுபதாம் ஆண்டு விழா. அரசே கொண்டாடும் விழா, கொண்டாட வேண்டாம் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாத விழா. அதற்கு முன்மாலை ஷ்விட்னிட்ஸ்கா தெருவுக்கு எல்லோரும் சிவப்பு அணிந்து வந்து புரட்சியைப் போற்றுங்கள் என்று துண்டறிக்கை போனது. சிவப்புக் காலணி, சிவப்புக் கைப்பை, சிவப்புக் கழுத்துத்துணி, எதுவும் இல்லாதவர் நகப்பூச்சு என்று வந்தார்கள். அதுவும் இல்லையென்றால் சிற்றுண்டிக் கடையில் நீள ரொட்டி வாங்கித் தக்காளிக் கெட்சப் ஊற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றது அறிக்கை. அட்டையில் செய்த போர்க்கப்பல்கள் வந்தன. காவல்துறை பாய்ந்தது, சிவப்பணிந்தவர்களை வண்டியில் ஏற்றியது. கம்யூனிஸ்ட் அரசின் காவலர்கள் கம்யூனிஸ்ட் புரட்சியைக் கொண்டாட வந்தவர்களைச் சிவப்பு அணிந்த குற்றத்துக்காகப் பிடித்துக்கொண்டு போவதை, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு நகரம் நின்று பார்த்தது. தற்செயலாகச் சிவப்புப் பை வைத்திருந்த ஒரு பெண்மணி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவரா சேராதவரா என்று எந்தக் காவலராலும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் நடந்துபோன அத்தனை பேரும் அந்தக் கணத்தில் நாடகத்துக்குள் வந்துவிட்டார்கள்.

1988 ஜூன் 1, குழந்தைகள் நாளன்று, ஆரஞ்சுத் தொப்பியணிந்த பெருங்கூட்டம் அதே தெருவில் ஊர்வலம் போனது. பத்தாயிரத்துக்கும் மேல் என்று இயக்கத்தார் சொல்லும் எண்ணிக்கையே எங்கும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. எந்த ஊர்வலத்துக்கும் நடத்தியவர்கள் சொல்லும் கணக்கைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்வது நல்லது. கூட்டம் மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. சட்டவிரோதமாகக் குள்ளர்கள் கூடிய கூட்டத்தில் ஏன் கலந்துகொண்டாய் என்று கேட்கும் காவலரை எப்படி மதிப்பது என்ற பொருளில் ஃபிட்ரிக் ஒரு பேட்டியில் சொன்னது இதைப் பற்றியதுதான்.

அங்கத நிகழ்வில் முதன்மைப் பாத்திரத்தை ஏற்க வேண்டியது அதிகாரம். கலைஞர்கள் செய்வது ஒரு பாத்திரத்தைக் காலியாக விட்டு வைப்பது மட்டுமே. நம்முடைய தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனின் பக்கத்திலேயே நின்று அவனைக் கேலி செய்கிறான். ஆனால் அங்கே அரசனாக நடிப்பவருக்கும் அடுத்த வரி தெரியும். வ்ரோத்ஸ்வாஃபில் அரசன் ஒத்திகை பார்க்காதவன். அவன் என்ன செய்தாலும், பிடித்தாலும் விட்டாலும், அது நாடகத்தின் அடுத்த காட்சியாகிவிடும். வீதி நாடகம் போட்ட எவருக்கும் இது தெரியும். வட்டத்துக்குள் ஒரு காவலர் நுழைந்து அனுமதி வாங்கினீர்களா என்று கேட்கும் நொடியில் கூட்டத்தின் கண்கள் நடிகர்களை விட்டு அவர் பக்கம் திரும்பும், அவருடைய குரலும் நடையும்கூட மாறும், தாமும் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு அவருக்கு வந்துவிடும். ஆகவே ஒரு நிகழ்வின் பலனை மதிப்பிட எத்தனை பேர் சிரித்தார்கள் என்று கேட்பதைவிட, எதிரே இருந்த அதிகாரம் எதைச் செய்யவோ சொல்லவோ நேர்ந்தது என்று கேட்பதே பயனுள்ளது. 1988 மார்ச்சில் மகளிர் நாளன்று, கடைகளில் கிடைக்காத மாதவிடாய் அணையாடைகளைத் தெருவில் பெண்களுக்கு வழங்கியதற்காக ஃபிட்ரிக்குக்கு இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அறிஞர்களும் கலைஞர்களும் எதிர்க்கவே அந்த மாதமே அவரை விட்டுவிட்டார்கள். பெண்களுக்கு அன்றாடத் தேவையைத் தர முடியாத அரசு, அதைத் தந்தவரைச் சிறையில் அடைத்தது என்ற உண்மையை எந்த நாடகாசிரியரும் எழுதவில்லை. அதை அந்த நீதிமன்றமே எழுதிக் கொடுத்தது.

வடிகால் என்ற உங்கள் ஐயத்தை எளிதில் ஒதுக்க முடியாது. மாக்ஸ் கிளக்மன் என்ற மானுடவியலாளர் தென்கிழக்கு ஆப்பிரிக்கச் சடங்குகளை ஆராய்ந்து, அரசனை ஒரு நாள் திட்டவும் அவமதிக்கவும் அனுமதிக்கும் சடங்குகள் அரசமைப்பைக் குலைப்பதற்குப் பதிலாக வலுப்படுத்துகின்றன என்று 1950-களில் வாதிட்டார். சபைகளிலும் விழாக்களிலும் ஆட்சியாளரை வைத்துக்கொண்டே அவரைக் கேலி செய்யும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது எனக்கும் அவர் சொன்னதே நினைவுக்கு வரும். முன்வரிசையில் அமைச்சர் சிரிக்கிறார், மறுநாள் நாளிதழில் அவருடைய பெருந்தன்மை செய்தியாகிறது. இதற்கும் குள்ளர் ஊர்வலத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாளையும் இடத்தையும் எல்லையையும் வகுத்தது யார் என்பதில் தேடலாம். ஆரஞ்சு மாற்றுக்காரர்கள் அரசின் நாட்காட்டியை எடுத்துக்கொண்டார்கள். புரட்சி நாள், காவலர் நாள், மகளிர் நாள், குழந்தைகள் நாள் எல்லாம் அரசு அறிவித்த நாட்களே. ஆனால் அந்த நாளில் என்ன நடக்க வேண்டும் என்பதை அரசிடம் விடவில்லை. அனுமதியோடு கிடைத்த சிரிப்பு பெரும்பாலும் வடிகாலாகவே முடிகிறது என்பது என் கருத்து. இதற்கு விதிவிலக்குகள் இருக்கலாம், இதை நிரூபித்த உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவைத் தொட்ட ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கலையின் வலிமையும் அறச்சிக்கலும் அதில் ஒருங்கே தெரிகின்றன. 1984 டிசம்பர் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட இரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. 1989-இல் 47 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2001-இல் யூனியன் கார்பைடை டவ் கெமிக்கல் நிறுவனம் வாங்கியது. அந்த ஆலையை நாங்கள் நடத்தவில்லை, எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்பது அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. யெஸ் மென் என்ற அமெரிக்கக் கலைக்குழு டவ் நிறுவனத்தினுடையதைப் போலத் தோன்றும் ஓர் இணையதளத்தை நடத்திவந்தது. இருபதாம் ஆண்டு நினைவுக்கு ஒரு நிறுவனப் பேச்சாளரைத் தேடிய பிபிசி வேர்ல்டு அந்தத் தளத்தை உண்மை என்று நம்பி அழைப்பு அனுப்பியது. 2004 டிசம்பர் 3 அன்று அந்தக் குழுவைச் சேர்ந்தவர் ஒரு போலிப் பெயரோடு கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து நேரலையில் தோன்றினார். போபாலுக்கு டவ் முழுப் பொறுப்பேற்கிறது, யூனியன் கார்பைடை விற்று 1,200 கோடி டாலரை இழப்பீட்டுக்கும் தூய்மைப் பணிக்கும் தருகிறது என்று அமைதியாக அறிவித்தார்.

ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் டவ் பங்கின் விலை சில நிமிடங்களில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. ஓரிரு மணி நேரத்தில் உண்மையான நிறுவனம் மறுப்பு வெளியிட்டது, பங்கும் மீண்டது. இங்கே காலியாக விடப்பட்ட பாத்திரம் எது என்று கவனியுங்கள். ஆண்டுக்கணக்காக இந்தப் பொருளைப் பேசாமல் ஒதுக்கிவந்த ஒரு நிறுவனம், உலகத்தின் முன்னால் வந்து, இல்லை, நாங்கள் அப்படி எதையும் தரப்போவதில்லை என்று தன் வாயால் சொல்ல நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்தால் சந்தை தண்டிக்கும் என்பதை விலைப்பட்டியலே எல்லோர் கண் முன்னும் காட்டியது. கட்டுரைகள் எத்தனையோ விளக்க முயன்ற ஒன்றை இது அரை நாளில் கண்ணுக்குத் தெரியவைத்தது.

ஆனால் போபாலில் அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள், பிறகு ஏமாந்தவர்களும் அவர்களே. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த நிகழ்வை என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை. பொய்யான நம்பிக்கை சில மணி நேரம்தான், டவ் தரும் பொய்யான வாதம் ஆண்டுகள் கணக்கில் என்று கலைஞர்கள் தரப்பில் வாதிடலாம். போபாலில் போராடுபவர்களில் பலர் பின்னர் அந்தக் குழுவைத் தோழமையோடுதான் வரவேற்றார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் கேலியின் செலவை யார் சுமக்கிறார் என்ற கேள்விக்கு வ்ரோத்ஸ்வாஃபில் தெளிவான பதில் இருந்தது, ஊர்வலம் போனவர்களே சுமந்தார்கள். போபாலில் அந்தச் செலவின் ஒரு பகுதி, அந்த நாடகத்தில் சேரச் சம்மதம் கேட்கப்படாதவர்களின் தலையில் விழுந்தது. பயிற்சிப் பட்டறைகளில் இந்த எடுத்துக்காட்டை எடுக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிளவைத் தீர்த்துவைக்க நான் முயல்வதில்லை.

அதிகாரத்தை எதிர்வினையாற்றவைப்பது எப்போதும் நன்மையில் முடியும் என்றும் எண்ண வேண்டாம். 1876-இல் கல்கத்தாவில் ஒரு கேலி நாடகம் போட்டார்கள். இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப்போய் உபசரித்த ஒரு வழக்கறிஞரை அது நையாண்டி செய்தது. காவல்துறை தடுத்தது, பெயரை மாற்றி மறுபடியும் போட்டார்கள். வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார், அதே ஆண்டு அது நாடக நிகழ்ச்சிகள் சட்டமாக நிலைபெற்றது. விடுதலைக்குப் பின் சென்னை மாநிலம் 1954-இல் தனக்கென்று அதே போன்ற ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டது, எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகமே அதற்கு உடனடித் தூண்டுதல் என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. அரங்கேற்றத்துக்கு முன் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்கும் நடைமுறையில், அரசியலே பேசாத நாடகக் குழுக்களும் அகப்பட்டன. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல்தான் தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று செல்லாததாக்கியது. 1876-இன் மூலச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2018 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கேலி செய்தவர்கள் வென்றார்களா தோற்றார்களா? ஆட்சி எதற்கு அஞ்சுகிறது என்பதை எழுத்திலேயே வாங்கிவிட்டார்கள், அதற்கான விலையைப் பின்னால் வந்த பல தலைமுறைக் கலைஞர்கள் கட்டினார்கள். இரண்டும் உண்மை.

சிரிப்பு ஒரு கவசம் என்ற கருத்தை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன். வ்ரோத்ஸ்வாஃபில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வெளியே வந்தார்கள், ஏனெனில் 1987-இல் அந்த அரசு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இராணுவச் சட்டக் காலத்தில் அதே ஆட்கள் இரவில் மறைந்து குள்ளன் வரைந்ததோடு நின்றுகொண்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. பர்மாவில் பார் பார் லே என்ற மரபுக் கோமாளி 1996 ஜனவரியில் ஆங் சான் சூகியின் வீட்டில் இராணுவ ஆட்சியைக் கேலி செய்ததற்காக ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தில்லிக்கு அருகே சாகிபாபாத்தில் 1989 ஜனவரி 1 அன்று ஜன நாட்டிய மஞ்ச் குழு வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டது; சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார், ஒரு தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று ஹாஷ்மியின் மனைவி மொலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப்போய் அந்த நாடகத்தை நடத்தி முடித்தார்கள். இவை இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் எவரும் இந்தத் துறைக்குள் இறங்கக்கூடாது.

கடைசியாக, நீங்கள் செய்து பார்க்கலாமா என்ற கேள்வி. செய்யலாம், செய்ய வேண்டும் என்றே சொல்வேன். பெரிய தலைவரை விட்டுவிட்டு உங்களுக்கு நேராகத் தெரிந்த ஒரு சிறிய அபத்தத்தில் தொடங்குங்கள்: அறிவிப்புப் பலகையில் ஒன்று இருக்கிறது, நடைமுறையில் வேறொன்று நடக்கிறது என்ற இடம் எந்தக் கல்லூரியிலும் எந்த ஊரிலும் இருக்கும். அந்த விதியை எதிர்ப்பதற்குப் பதிலாக அதற்கு எழுத்துக்கு எழுத்துக் கீழ்ப்படிந்து காட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அடிமட்டத்தில் வேலை செய்யும் காவலாளியையோ எழுத்தரையோ கேலிப்பொருளாக்காதீர்கள். அவரை ஏவியவரே உங்கள் இலக்கு. பொது இடத்தில் என்றால் சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு பொருந்தும், கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன் அனுமதி கேட்பார்கள்; உங்கள் ஊரில் என்ன நடைமுறை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நான் சட்டம் படித்தவனல்லன். நடிக்காத ஒருவர் தூரத்தில் நின்று முழுவதையும் படம் பிடிக்கட்டும், இன்னொருவரிடம் அந்த வழக்கறிஞரின் எண்ணும் பங்கேற்பவர்களின் வீட்டு எண்களும் இருக்கட்டும். ஒத்திகையின்போது அதிகாரி வந்து தடுத்தால், கண்டுகொள்ளாமல் போனால், சேர்ந்து சிரித்தால் என்று மூன்று விதமாகவும் நடத்திப் பாருங்கள். மூன்றாவதற்கு உங்களிடம் காட்சி இல்லையென்றால், அது உருவாகும்வரை தெருவுக்குப் போக வேண்டாம்.